உடம்புக்குள் ஒரு நாற்றங்கால்



வாழையைப் பாருங்கள். கீழ் இலை பழுத்துக் காய்கிறது. நடுவிலிருந்து புதுக் குருத்து வருகிறது. காற்றில் நாலு இலை கிழிந்தாலும் கவலை இல்லை. குருத்து இருக்கும்வரை வாழை பிழைத்துக்கொள்ளும். குருத்தே அழுகிவிட்டால்? அப்புறம் எவ்வளவு எரு வைத்தாலும் பயன் இல்லை.

நம் உடம்பிலும் இப்படிக் குருத்து உண்டு. இன்று அதைப் பற்றித்தான் பேச்சு.

செங்கல் செங்கல்லாக அடுக்கி வீடு கட்டுகிறோம். நம் உடம்பும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. உடம்பின் செங்கல்லுக்குச் செல் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் செங்கல்லுக்கும் செல்லுக்கும் ஒரு வித்தியாசம். செல்லுக்கு உயிர் உண்டு. அதற்கு ஆயுளும் உண்டு. ரத்தத்தில் இருக்கும் சிவப்புச் செல் சுமார் 120 நாள் வாழும். பிறகு அழிந்துவிடும்.

அப்படியானால் நாலு மாதத்தில் நம் ரத்தம் தீர்ந்துபோக வேண்டுமே? ஏன் தீரவில்லை?

புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. நொடிக்குச் சுமார் 20 இலட்சம் சிவப்புச் செல்கள் பிறக்கின்றன. இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் பிறக்கின்றன. எங்கே பிறக்கின்றன? எலும்புக்குள்ளே! ஆட்டு நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுகிறோமே, அதற்குள் மெத்தென்று ஒன்று இருக்குமே, அதுதான் மஜ்ஜை. நம் இடுப்பு எலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் மஜ்ஜையில்தான் ரத்தம் ஊறுகிறது. அந்த மஜ்ஜைக்குள் சில தனிச் செல்கள் இருக்கின்றன. அவை இரண்டிரண்டாகப் பிரியும். ஒரு பங்கு ரத்தச் செல்லாக மாறும். இன்னொரு பங்கு மாறாமல் அங்கேயே இருந்து மறுபடியும் பிரியும். தயிருக்கு உறை எடுத்து வைப்பது போல. இந்தச் செல்லுக்கு ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் என்று பெயர். தமிழில் குருத்துச் செல் என்று சொல்லலாம். குழந்தைக்கும் உண்டு, கிழவருக்கும் உண்டு.

இந்தக் குருத்திலேயே குறை இருந்தால் என்ன ஆகும்?

மகாராஷ்டிராவில் புனே நகரம் இருக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் பலர் வேலை தேடிப் போன ஊர்தான். கிர்க்கியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. புனேக்கு அருகில் பிம்ப்ரி என்று ஓர் ஊர். 1947-இல் நாடு பிரிந்தபோது, சிந்து மாகாணத்தை விட்டு வந்த சிந்தி மக்கள் பலர் அங்கே அகதிகளாகக் குடியேறினார்கள். சிந்தி மக்களிடையே தலசீமியா என்ற ரத்த நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களுக்கு மட்டும்தான் வரும் என்பதில்லை. எல்லாச் சாதியிலும் எல்லா மாநிலத்திலும் இருக்கிறது.

இந்த நோயோடு பிறந்த குழந்தைக்கு நல்ல சிவப்புச் செல் உண்டாகாது. சில மாதங்களிலேயே முகம் வெளுத்துவிடும். பால் குடிக்காது, சோர்ந்து கிடக்கும். இரண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, ஆயுள் முழுவதும். ஏற்றும் ரத்தத்தோடு இரும்புச் சத்தும் சேரும். அது ஈரலிலும் இதயத்திலும் படியும். அதைக் கரைத்து வெளியேற்ற நாள்தோறும் மருந்து தர வேண்டும். கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், மாதம் இரண்டு நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். அந்த இரண்டு நாளும் கூலி கிடையாது.

இந்த நோயை வேரோடு தீர்க்க ஒரு வழி உண்டு. குறையுள்ள குருத்தை அகற்றிவிட்டு, நல்ல குருத்தை வைப்பது.

நடவு தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். முதலில் வயலை உழுது பழைய பயிரையும் களையையும் அழிக்கிறோம். பிறகு நாற்றங்காலில் நாற்றுப் பறித்து வந்து நடுகிறோம். இங்கேயும் அதேதான். கடுமையான மருந்து கொடுத்து நோயாளியின் பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். பிறகு இன்னொருவரின் குருத்துச் செல்களை, ரத்தம் ஏற்றுவது போல ரத்தக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். வழி காட்ட ஆள் வேண்டாம். ஏற்றிய செல்கள் தாமே எலும்புக்குள் போய்ச் சேர்ந்து வேர் பிடிக்கின்றன. இரண்டு மூன்று வாரத்தில் புது ரத்தம் ஊறத் தொடங்குகிறது. அதுவரை நோயாளியின் உடம்பு வெறும் வயல்தான். சிறு கிருமி புகுந்தாலும் ஆபத்து. அதனால் தனி அறையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

இந்தியாவில் இந்தச் சிகிச்சை முதலில் 1983-இல் மும்பையில் நடந்தது. டாட்டா நினைவு மருத்துவமனையில் டாக்டர் சுரேஷ் அத்வானி செய்தார். நோயாளி ரத்தப் புற்றுநோய் வந்த ஒன்பது வயதுச் சிறுமி. மஜ்ஜை தந்தது அவளுடைய சகோதரன். 1986-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் மாமன் சாண்டியும் குழுவினரும் தலசீமியா நோயுள்ள குழந்தைக்கு இதைச் செய்தார்கள். உலகத்தில் இதற்கு வழி வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் டொன்னல் தாமஸ். அவருக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது.

யார் மஜ்ஜை கொடுக்கலாம்? ரத்த வகை பொருந்தினால் மட்டும் போதாது. இன்னும் நுட்பமான பொருத்தம் பார்க்க வேண்டும். உடன்பிறந்தவர் ஒருவருக்கு அது பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ‘மஜ்ஜை கொடுத்தால் ஆண்பிள்ளைக்கு ஆண்மை போய்விடும், பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது’ என்று சிலர் பயமுறுத்துவார்கள். பொய். மயக்க மருந்து கொடுத்து இடுப்பு எலும்பிலிருந்து ஊசியால் எடுக்கிறார்கள். அல்லது சில நாள் ஊசி போட்டு, குருத்துச் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, கையிலிருந்தே இயந்திரத்தால் பிரித்து எடுக்கிறார்கள். கொடுத்தவருக்குச் சில வாரங்களில் மறுபடியும் ஊறிவிடும். கிணற்றில் இறைத்த நீர் போல.

சில நோய்களுக்கு அடுத்தவர் செல் வேண்டாம். நோயாளியின் சொந்தக் குருத்துச் செல்லையே முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு புற்றுநோயை அழிக்கக் கடுமையான மருந்து கொடுக்கிறார்கள். கடைசியில் எடுத்து வைத்ததைத் திரும்ப ஏற்றுகிறார்கள். ஆனால் அதுவரை செல் கெடாமல் இருக்க வேண்டுமே? விதைநெல்லைக் குதிரில் வைப்பது போல இதை வைக்க முடியாது. திரவ நைட்ரஜன் என்ற மிகக் குளிர்ந்த பொருளில் வைத்து உறைய வைக்கிறார்கள். அதன் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி!

இங்கேதான் புனே மறுபடியும் வருகிறது. அங்கே ஒரு பல்கலைக்கழகம் உண்டு. 1848-லேயே புனேயில் பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த சாவித்திரிபாய் புலேயின் பெயரை, 2014-இல் அதற்குச் சூட்டினார்கள். அந்த வளாகத்துக்குள் தேசிய செல் அறிவியல் மையம் இருக்கிறது. மத்திய அரசின் நிறுவனம். பலவகைச் செல்களை வளர்த்துச் சேமித்து, நாடெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகிறது. செல்லுக்கான விதைப் பண்ணை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அங்கே வேலை செய்த வைஜயந்தி காலே, லலிதா லிமாயே என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் இந்த உறைய வைக்கும் வேலையை ஆராய்ந்தார்கள். கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் குளிர்பெட்டியின் ஐஸ் அறையில் வைத்தால் என்ன ஆகும்? பாட்டில் வெடிக்கும். செல்லுக்குள்ளும் தண்ணீர்தான். உறையும்போது ஐஸ் ஊசிகள் செல்லைக் குத்திக் கிழிக்கும். அதைத் தடுக்க ஒரு மருந்தைக் கலப்பது பழைய வழக்கம். அப்படியும் சில செல்கள் செத்துப்போகும். பிழைத்தவற்றில் சில சோர்ந்துவிடும்.

அந்த மருந்தோடு இன்னும் இரண்டு பொருள்களைச் சேர்த்துப் பார்த்தார்கள் அந்தப் பெண்கள். ஒன்று, டிரெஹலோஸ் என்ற சர்க்கரை. காளானில் இருப்பது, காய்ந்து சருகானாலும் தண்ணீர் பட்டதும் உயிர்க்கும் சில செடிகளிலும் உண்டு. மற்றொன்று, கேட்டலேஸ் என்ற நொதி. நம் உடம்பிலேயே இருப்பது. இரண்டையும் சேர்த்தபோது கூடுதலான செல்கள் பிழைத்தன. அவை நன்றாக வேலையும் செய்தன. 2001 முதல் இந்த ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. ஆய்வுக்கூடத்தில் பார்த்த முடிவுகள் இவை. விதை முளைக்குமா என்று முன்கூட்டியே சோதிப்பதும் விவசாயத்தில் பாதி வேலைதானே?

மஜ்ஜையில் மட்டும்தான் குருத்துச் செல் உண்டா? இல்லை. தோலில் உண்டு. தீக்காயம் ஆறுவதே அதனால்தான். 1983-இல் அமெரிக்காவில் இரண்டு சிறுவர்களுக்கு உடம்பு முழுக்க எரிந்துவிட்டது. ஹோவர்ட் கிரீன் என்ற விஞ்ஞானி, அவர்களிடம் மீதியிருந்த சிறு துண்டுத் தோலிலிருந்து மெல்லிய தோல் தகடுகளை வளர்த்துக் கொடுத்தார். இருவரும் பிழைத்தார்கள்.

கண்ணிலும் உண்டு. கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் வரப்பில் அது இருக்கிறது. வெற்றிலைக்கும் புகையிலைக்கும் சுண்ணாம்பு சிறு பிளாஸ்டிக் பாக்கெட்டில் வருகிறது. குழந்தை அதை எடுத்து அமுக்கி விளையாடும். பாக்கெட் வெடித்துச் சுண்ணாம்பு கண்ணில் தெறிக்கும். வரப்பில் இருக்கும் குருத்துச் செல் வெந்துபோகும். பார்வை மங்கிவிடும். ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே டாக்டர் வீரேந்தர் சங்வானும் குழுவினரும் ஒரு முறையைக் கண்டுபிடித்து 2012-இல் வெளியிட்டார்கள். நல்ல கண்ணின் வரப்பிலிருந்து 2 மில்லிமீட்டர் நீள, அகலத்தில் ஒரு துணுக்கை எடுக்கிறார்கள். அதைச் சிறு சிறு துண்டாக நறுக்குகிறார்கள். கெட்ட கண்ணின் மேல் நாற்று நடுவது போல இடைவெளி விட்டு ஒட்டுகிறார்கள். துண்டுகள் படர்ந்து பரப்பை மூடுகின்றன. பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு கண்ணாவது நன்றாக இருக்க வேண்டும்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் அந்த நிமிடமே சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். குறைந்தது கால் மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருங்கள். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விட வேண்டாம். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சுண்ணாம்பைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைப்பது இதைவிட நல்லது.

இனி, கவனமாகக் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று.

நெல் நாற்று நெல்லாகத்தான் விளையும். தென்னை ஆகாது. ரத்தக் குருத்து ரத்தத்தைத் தரும். அறுந்த தண்டுவடத்தை அது ஒட்ட வைத்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் பெரிய நகரங்களில் சிலர் இதை வைத்து வியாபாரம் செய்கிறார்கள். ‘மரத்திலிருந்து விழுந்து கால் விளங்காமல் போனவரை நடக்க வைப்போம், பேசாத குழந்தையைப் பேச வைப்போம், சர்க்கரை நோயைத் தீர்ப்போம்’ என்கிறார்கள். ஒரு ஊசிக்கு இலட்சக் கணக்கில் வாங்குகிறார்கள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மகனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன் என்ன செய்வார்? நிலத்தை விற்பார். தாலியைக்கூட அடகு வைப்பாள் தாய். பணம் போகும், மகன் அப்படியே கிடப்பான். சில நேரம் நோய்த் தொற்றும் சேர்ந்துகொள்ளும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் இதற்கு விதிமுறை வெளியிட்டது. ரத்த நோய்களுக்கு ரத்தக் குருத்துச் செல் கொண்டு செய்யும் சிகிச்சையை அது ஒப்புக்கொண்டது. தண்டுவடக் காயம், மூளை வளர்ச்சிக் குறை, சர்க்கரை நோய் போன்றவற்றுக்கு ஒப்புதல் தரவில்லை. அவற்றுக்கு முறையான ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம். அந்த ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஆகவே யாராவது குருத்துச் செல் ஊசி என்று சொன்னால், ‘இது சிகிச்சையா, ஆராய்ச்சியா?’ என்று கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் பணம் எதற்கு? அரசுப் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன? எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கைநாட்டோ கையெழுத்தோ போடும் முன் தாளைப் படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த ஏமாற்றுக்குப் பயந்து, உண்மையான சிகிச்சையை விட்டுவிடவும் கூடாது. தலசீமியா குழந்தைக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைச் சிறு வயதிலேயே, ஈரலில் இரும்பு படியும் முன்பே செய்தால் பலன் அதிகம். உயிருக்கு ஆபத்து இல்லாத சிகிச்சை அல்ல. அதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். செலவு பல இலட்சம். 2017-இல் கோல் இந்தியா நிறுவனம் ஏழைத் தலசீமியா குழந்தைகளுக்கு 10 இலட்சம் ரூபாய் வரை உதவும் திட்டத்தைத் தொடங்கியது. வேலூர் சி.எம்.சி.யும் அதில் சேர்ந்தது. அங்கே சமூகப் பணியாளரைக் கேட்டால் விண்ணப்பம் பற்றிச் சொல்வார். போகும்போது வருமானச் சான்று, குழந்தையின் பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். பொருத்தம் பார்ப்பதை அவர்களிடமிருந்துதான் தொடங்குவார்கள்.

கணவன், மனைவி இருவருக்கும் இந்தக் குறையின் சாயல் இருந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். கர்ப்பமான முதல் மாதங்களிலேயே ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். எச்.பி.ஏ.2 பரிசோதனை என்று கேளுங்கள்.