மறையும் ஞாயிறும் பச்சை ஒளியும்

கொழும்பு வெள்ளவத்தையில், புகையிரதப் பாதைக்கு அப்பாலுள்ள கடற்கரையில் மாலை வேளையில் நிற்போருக்கு, மேற்கே அடிவானம் வரை தடை ஏதும் இல்லை. ஞாயிற்றின் கீழ் விளிம்பு நீரைத் தொடும்போது, அது மறையத் தொடங்குகின்றது என்றே அனைவரும் எண்ணுவர். உண்மையில் அக்கணத்திலேயே ஞாயிறு முழுவதும் அடிவானத்தின் கீழே இறங்கிவிட்டது. கண்ணுக்குப் புலப்படுவது வளைந்து வந்த ஒளியேயாகும்.

ஒளியானது ஓர் ஊடகத்திலிருந்து வேறோர் ஊடகத்துட் சாய்வாகப் புகும்போது அதன் வேகம் மாறுகின்றது. அதனால் திசையும் மாறுகின்றது. இதனை ஒளிமுறிவு என்பர். நீர்க் குவளையில் இட்ட கரண்டி ஒடிந்ததுபோலத் தோன்றுவதும் இதனாலேயே. வளிமண்டலம் மேலே ஐதாகவும் கீழே அடர்ந்தும் இருத்தலால், அடிவானத்தை ஒட்டி வரும் கதிர் சிறிது சிறிதாக நிலத்தை நோக்கி வளைகின்றது. அவ்வளைவு அரைப் பாகைக்குச் சற்று மேலாகும். ஞாயிற்று வட்டத்தின் தோற்ற அகலமும் ஏறக்குறைய அரைப் பாகையே. ஆதலால் வட்டம் முழுவதும் மேலே உயர்ந்து தோன்றுகின்றது; கொழும்பில் ஞாயிற்றின் மறைவும் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகப் பிந்துகின்றது.

எல்லா நிறங்களும் ஒரே அளவில் வளைவதில்லை. வெண்ணொளி பல நிறக் கதிர்களின் கலவை என்பதையும், அவற்றுட் சிவப்புக் குறைவாகவும் ஊதா மிகையாகவும் முறிகின்றன என்பதையும், கண்ணாடி அரியத்தைக் கொண்டு ஆராய்ந்த ஐசாக் நியூற்றன் 1672ஆம் ஆண்டில் வெளியிட்டார். மழைத்துளியும் இவ்வாறே நிறங்களைப் பிரிக்கின்றது. கொட்டாஞ்சேனையில் ஒருவர் மாலை வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, கிழக்கே பெய்யும் மழையை நோக்கினால் வானவில்லைக் காணலாம். ஞாயிறு 42 பாகைக்கு மேல் உயர்ந்திருக்கும்போது நிலத்தில் நிற்பவருக்கு வானத்தில் வில் தோன்றாது. உச்சிவேளையில் அதனைக் காணாமைக்குக் காரணம் இதுவே.

வளிமண்டலமும் ஒரு பெரிய அரியமே. மறையும் ஞாயிற்றின் சிவப்பு உருவம் சற்றுத் தாழ்ந்தும், பச்சை, நீல உருவங்கள் சற்று உயர்ந்தும் அமைகின்றன. நீலமும் ஊதாவும் நீண்ட காற்று வழியிற் பெரிதும் சிதறிவிடுகின்றன. எனவே சிவப்பு முதலில் மறைய, இறுதி விளிம்பு ஓரிரு வினாடி பச்சையாக ஒளிர்வதுண்டு. அவ்விளிம்பு மிக மெல்லியது. கடல்மட்டத்தை ஒட்டிய காற்றுப் படைகளின் வெப்பநிலை வேறுபடும் நாட்களிலேயே அது பெருத்துத் தெளிவாகத் தோன்றும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து மேகங்கள் விலகிய தை, மாசி மாதங்கள் அதனைத் தேடுதற்கு ஏற்றவை.

ஒன்றை மறத்தலாகாது. ஞாயிற்று வட்டம் ஒரு கீற்றாகக் குறுகும் வரை அதனை உற்று நோக்குதல் கூடாது. தொலைநோக்கியால் நோக்குதல் எந்நிலையிலும் தகாது. விழித்திரை புண்பட்டால் இழந்த பார்வை மீளாமற் போகலாம். சிறுவரை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதனை முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும்.

கண் அறிவது ஒளி வந்து சேரும் திசையை மட்டுமே. அது கடந்து வந்த வழியை ஆராய்ந்தே தெளிதல் வேண்டும்.