உடன் நடக்கும் உயிர்கள்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கவிதையையே பேசிப் பழகிய அவையில் குழந்தைகளின் வீடியோ விளையாட்டைப் பேசுபொருளாக வைப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், இல்லாத உயிரொன்றைக் கற்பனையில் படைத்து, முன்பின் அறியாத ஒருவர் நெஞ்சில் அதனைக் குடியேற்றுவது கவிஞரின் தொழிலும் ஆகும். அத்தொழிலை மிகக் குறுகிய இடத்தில், மிகக் குறைந்த கருவிகளைக் கொண்டு செய்து காட்டிய சிலரின் படைப்பு இங்கு எண்ணிப் பார்க்கத் தக்கது. அப்படைப்பு ஜப்பானில் 1996 பிப்ரவரி 27ஆம் நாள் வெளிவந்த 'போக்கிமான்'.

அதனைக் கருக்கொண்டவர் சதோஷி தாஜிரி. 1965இல் பிறந்து, டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். வயலிலும் குளக்கரையிலும் பூச்சி பிடித்துத் திரிவதே அவருடைய இளமைக்கால இன்பம். அவர் வளர வளர அந்த வயல்களின் மீது கட்டடங்கள் எழுந்தன, பூச்சிகள் போய்விட்டன. பின்னாளில் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவிகள் இரண்டைக் கம்பியால் இணைக்கலாம் என்று கண்டபோது, அக்கம்பியின் வழியே பூச்சியொன்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து செல்வதாக அவர் மனத்தில் ஒரு காட்சி தோன்றியது. அக்காட்சி விளையாட்டாக உருப்பெற ஆறு ஆண்டுகள் ஆயின. தாம் இழந்த வயலை, வயலே காணாத நகரக் குழந்தைகளுக்கு மீட்டுத் தரும் முயற்சி அது.

ஆடுபவர் ஊர் ஊராக நடக்கிறார். புல்லிலும் குகையிலும் கடலிலும் விந்தை உயிர்கள் எதிர்ப்படுகின்றன. அவற்றைப் பிடிக்கலாம், பழக்கலாம், பிறருடைய உயிர்களோடு மோதவிடலாம். ஒரு நேரத்தில் ஆறு மட்டுமே உடன் வரும். நிலத்துக்குரிய கருப்பொருள் போல, ஒவ்வோர் உயிருக்கும் அதற்கென ஓர் இடம் உண்டு. எங்கே கண்டோம் என்பதும் அதன் அடையாளத்தில் ஒரு பகுதியாகிவிடுகிறது.

படைத்தவர்களுக்குக் கிடைத்த இடமோ மிகச் சிறிது. எதிரே நிற்கும் உயிரின் உருவத்துக்கு அதிக அளவாக 56க்கு 56 புள்ளிகள். வெளுப்பு முதல் கறுப்பு வரை நான்கே சாயல்கள். நிறமில்லை, குரல் என்று சொல்ல ஒரு சிறு ஒலிக்கீற்று மட்டுமே. இத்தகைய நெருக்கடியில் அலங்காரத்துக்கு இடமேது? நிழலாகப் பார்த்தாலும் இன்னதென்று தெரிய வேண்டும். ஒரு காது, ஒரு வால், ஒரு வளைவு என எது இன்றியமையாததோ அது மட்டுமே நின்றது. யாப்பின் இறுக்கத்தில் சொல்லைத் தேர்ந்து பழகியவர்களுக்கு இந்த ஒழுக்கம் புதிதன்று.

உலகம் முழுதும் அறிந்த பிக்காச்சுவை வரைந்தவர் அட்சுகோ நிஷிடா என்னும் பெண் ஓவியர். கன்னத்தில் உணவை அடக்கும் அணிலின் இயல்பை எண்ணி, மின்னாற்றலை அதன் கன்னங்களில் தேக்கி வைத்தார். பெயரும் ஓசையால் ஆனதே: மின்பொறி தெறிக்கும் ஒலி ஒன்று, எலி கீச்சிடும் ஒலி ஒன்று. பெயரைச் சொன்னாலே உயிரின் இயல்பு காதில் விழுகிறது.

ஆயினும் உருவமும் பெயரும் மட்டும் நினைவில் நிலைத்துவிடுவதில்லை. அதற்குக் காலமும் வேண்டும். 'கொயிக்கிங்' என்றொரு மீன் உண்டு. தொடக்கத்தில் துள்ளுவது தவிர ஒன்றும் அறியாது. அத்துள்ளலாலும் யாருக்கும் ஊறில்லை. ஆடுபவர் பொறுமையோடு அதனைச் சுமந்து சென்றால், இருபதாம் படியில் அது சீறும் பெரும் உருவமாக மாறுகிறது. அருவியை எதிர்த்தேறிய கெண்டை நாகமாகும் என்ற கீழை நாட்டுப் பழங்கதை இதில் புதைந்துள்ளது. ஆனால் ஆடிய குழந்தையின் நெஞ்சில் நிற்பது அப்பழங்கதையன்று. எல்லோரும் எள்ளியபோதும் அதனைக் கைவிடாத தன் பொறுமையே.

'கராகரா' என்னும் குட்டியின் கதை வேறு வகை. இறந்த தாயின் மண்டையோட்டைத் தலையில் அணிந்தது அது; அதன் உண்மை முகத்தை எவரும் கண்டதில்லை. காய்ந்த பொருள்கள் மோதும் ஓசையே அதன் பெயர்.  முகத்தை மறைத்துவிட்டதிலேயே துயரம் நிறைந்துவிடுகிறது.

இவ்விளையாட்டின் மோதலில் எவ்வுயிரும் சாவதில்லை; தோற்றது மயங்கி விழும், மருத்துவ நிலையத்தில் தேறும். இதில் தாஜிரி கவனமாகவே இருந்தார். ஆயினும் இறப்பை அவர் அடியோடு மறைத்துவிடவும் இல்லை. ஓர் ஊரில், இறந்த போக்கிமான்களை அடக்கம் செய்த கோபுரமொன்று நிற்கிறது. அதனுள் ஏறும் குழந்தை, தன்னோடு நடப்பவையும் ஒருநாள் இல்லாமற்போகும் என்பதை யாரும் எடுத்துரைக்காமலே அறிந்துகொள்கிறது.

1998இல் வெளிவந்த 'மஞ்சள்' பதிப்பில் பிக்காச்சு ஆடுபவரின் பின்னாலேயே நடந்து வந்தது. திரும்பிப் பார்த்துப் பேசினால் தன் மனநிலையை முகத்தில் காட்டியது. உருமாற்றும் கல்லைக் கொடுத்தால் ஏற்க மறுத்தது. வலிமை கூடும் என்றாலும் தானாகவே இருக்க விரும்பிய அந்த மறுப்பிலேதான், கருவியாக இருந்த ஒன்று தோழமை ஆயிற்று.

முதற்பதிப்புகளில் 151ஆக இருந்த தொகை, 2022இல் வெளியான பதிப்புகளோடு ஆயிரத்தைக் கடந்தது. பழையவையே சிறந்தவை, புதியவை விற்பனைக்காகச் செய்தவை என்று குறைப்படுவோர் உண்டு. அக்குறையில் பாதியே உண்மை. முதற்பதிப்பின் உயிர்களும் விற்பனைக்கு வந்தவையே. ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் உடன் நடந்தவற்றையே நேசிக்கிறது. எனவே நேசத்தைப் படைப்பவர் முழுதும் செய்து தர இயலாது. அது புகுவதற்கு இடம் விட்டு வைக்கவே இயலும். எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்த உருவம், ஆயிரத்துள் ஒன்றாகக் கரைந்துவிடுகிறது. கவிதைத் தொகுதிகள் பெருகும் காலத்தில் இவ்வட்டத்தாரும் மனங்கொள்ள வேண்டிய செய்தி இது.

அவ்வாறு விடப்பட்ட இடங்களுள் தலையாயது பெயர். ஆடுபவர் தன் உயிருக்குத் தானே பெயர் சூட்டலாம். ஜப்பானிய முதற்பதிப்புகளில் அதற்கு ஐந்தே எழுத்துகள். கம்பி வழியே அதனை நண்பனுக்குக் கொடுத்தாலும் பெயர் மாறாது. பெற்றவன் மாற்ற விரும்பினாலும், விளையாட்டினுள் பெயர் திருத்தும் முதியவர் மறுத்துவிடுவார். முதலில் நேசித்தவர் இட்ட பெயரோடுதான் அது பிறன் கையில் வாழும்.

அந்நாளைய விளையாட்டுப் பெட்டியினுள் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று இருந்தது. சேர்த்த உயிர்கள் அனைத்தையும் காத்து நின்றது அதுவே. ஆண்டுகள் பல சென்றபின் அது வற்றியபோது, மோதலில் சாகாத அவ்வுயிர்கள் ஓசையின்றி அழிந்தன. நடுவயதில் பழைய பெட்டியைத் தேடியெடுத்து இயக்கிப் பார்த்தவர்கள் வெறுமையையே கண்டார்கள். எனினும், இழந்த உயிரின் பெயரென்ன என்று கேட்டால், அந்த ஐந்து எழுத்துகளை அவர்கள் தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.