தொள்ளாயிரம் என்று எழுதிய மாணவி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பலகோணத்தின் உட்கோணங்களின் கூடுதலை எப்படி நடத்துகிறேன் என்று பேசச் சொன்னார்கள். பக்கங்களின் எண்ணிக்கையில் 2ஐக் கழித்து 180ஆல் பெருக்க வேண்டும். கரும்பலகையில் இதை எழுத ஒரு நிமிடம் போதும். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நானும் அப்படித்தான் எழுதிப் போட்டு, நான்கு கணக்குகள் செய்ய வைத்து, அடுத்த பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வழக்கத்தை மாற்றியது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விடைத்தாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வகுப்புத் தேர்வில் ஐங்கோணத்தின் உட்கோணங்களின் கூடுதலைக் கேட்டிருந்தேன். விடை 540 பாகை. அவள் 900 என்று எழுதியிருந்தாள். தவறு என்று சிவப்பு மையில் குறி போட்டு, பக்கத்தில் சூத்திரத்தையும் எழுதிக் கொடுத்தேன். தாளை வாங்கிய பிள்ளை நகராமல் நின்றாள்.

"டீச்சர், அஞ்சு முக்கோணம் இருக்குதே, எண்ணிப் பாருங்க" என்றாள்.

அவள் வரைந்த படத்தில் ஐங்கோணத்தின் நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து ஐந்து முனைகளுக்கும் கோடுகள். எண்ணினால் ஐந்து முக்கோணங்கள்தான்.

"நடுவிலிருந்து பிரிக்கக் கூடாதும்மா. ஒரு முனையிலிருந்துதான் பிரிக்கணும். புத்தகத்தில் அப்படித்தானே இருக்கு" என்றேன். ஏன் கூடாது என்று அவள் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை பேருந்தில் வரும்போது அந்தக் கேள்வி எனக்குள் வந்தது. ஏன் கூடாது? கணிதத்தில் அப்படி ஒரு தடையே இல்லையே! பையிலிருந்த தாளில் அவள் படத்தை வரைந்து பார்த்தேன். ஐந்து முக்கோணங்கள், 5 × 180 = 900. ஆனால் இந்த 900இல் நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள ஐந்து கோணங்களும் சேர்ந்திருக்கின்றன. அவை ஐங்கோணத்தின் கோணங்கள் அல்ல. ஒரு புள்ளியைச் சுற்றி 360 பாகை. 900 − 360 = 540. அவளுக்கு இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி. அந்தப் படியைக் காட்டாமல், வந்த வழியே தவறு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில், "நேற்று இவளிடம் நான் சொன்னது சரியில்லை" என்று தொடங்கினேன். அவளையே கரும்பலகையில் வரையச் சொன்னேன். "நடுவில் இருக்கும் இந்தக் கோணங்கள் ஐங்கோணத்தோட கோணங்களா?" என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "இல்ல டீச்சர், அது ஒரு முழுச் சுற்று. 360ஐ எடுத்துடணும்" என்றாள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "புள்ளியைக் கோட்டு மேலயே வச்சா?" என்றான். வைத்துப் பார்த்தோம். நான்கு முக்கோணங்கள், 720. புள்ளி இருக்கும் இடத்தில் ஒரு நேர்க்கோணம், அந்த 180ஐக் கழித்தால் மீண்டும் 540. மூன்று வழியிலும் ஒரே விடை வந்ததும் வகுப்பு முழுவதும் அறுங்கோணம் வரையத் தொடங்கிவிட்டது. அவள் தாளைத் திரும்ப வாங்கி, வழிக்குரிய மதிப்பெண்ணைப் போட்டேன்.

அதன் பிறகு இந்தப் பாடத்தை நான் நடத்தும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் காகிதம். முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகளை ஒரே புள்ளியில் சேர்த்தால் நேர்கோடு அமைகிறது. நாற்கரத்தின் நான்கு மூலைகள் ஒரு முழுச் சுற்றை நிரப்புகின்றன. இதைத் தொடக்கப்பள்ளியிலேயே செய்யலாம், கோணமானி வேண்டாம். ஐங்கோணத்தின் மூலைகளைச் சேர்க்கும்போது இடம் போதாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அப்போது நாம் விடையைச் சொல்லிவிடக் கூடாது. "ஒரு சுத்து, இன்னும் அரைச் சுத்து" என்று பிள்ளைகளே சொல்வார்கள். கிழித்துப் பார்ப்பது நிரூபணம் ஆகாது. ஆனால் நிரூபணம் எதைப் பற்றியது என்பதை அது கண்ணில் காட்டிவிடும்.

அடுத்து ஒரு செவ்வகத் தாள். அதன் ஒரு மூலையைக் கத்தரியால் வெட்டச் சொல்வேன். "கோணங்களின் கூடுதல் குறையுமா, கூடுமா?" தாள் சிறியதாகிவிட்டதால் பெரும்பாலோர் குறையும் என்பார்கள். ஒரு செங்கோணம் போய், அந்த இடத்தில் இரண்டு விரிகோணங்கள் வந்திருக்கின்றன. சரிபாதிச் சாய்வில் வெட்டியிருந்தால் ஒவ்வொன்றும் 135 பாகை. எண்ணிப் பார்த்தால் 360 இப்போது 540. எந்தச் சாய்வில் வெட்டினாலும் கூடுவது 180தான். ஒரு பக்கம் கூடினால் 180 கூடும் என்பதைச் சூத்திரம் எழுதும் முன்பே கண்டுகொள்வார்கள்.

மூன்றாவதாகக் கோணமானி. அளந்து கூட்டினால் 537 வரும், 542 வரும். விடை 540 என்று முன்பே தெரிந்தால், பிள்ளைகள் அளவைத் திருத்தி எழுதிவிடுவார்கள். அதனால் நான் முதலில் விடையைச் சொல்வதில்லை. எல்லோருடைய கூடுதலையும் கரும்பலகையில் எழுதுவேன். பெரும்பாலானவை 540ஐ ஒட்டியே இருக்கும். ஒன்று மட்டும் 500 என்று விலகினால், விரிகோணமான 110ஐ, கோணமானியின் மறுவரிசையில் 70 என்று படித்திருக்கலாம்; அவர்களையே திரும்ப அளக்கச் சொல்வேன். அளவு ஏன் முன்பின் ஆகிறது, 540 ஏன் மாறாதது என்ற இரண்டு கேள்விகளையும் அப்போது பேசலாம்.

குழிவு நாற்கரத்தையும் விட்டுவிட வேண்டாம். அம்புமுனை போன்ற அந்த வடிவத்தில், உள்ளே குழிந்த முனையில் பிள்ளைகள் வெளிப்பக்கக் கோணத்தை அளந்துவிட்டு, "360 வரவில்லை" என்பார்கள். அங்கே உட்கோணம் 180ஐவிடப் பெரிய பின்வளை கோணம். அந்த முனையிலிருந்தே எதிர்முனைக்கு மூலைவிட்டம் வரைந்தால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். கூடுதல் அதே 360.

இவை அனைத்துக்கும் இரண்டு பாடவேளைகள் கூடுதலாகத் தேவைப்படும். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரம் நம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் சூத்திரத்தை மறந்துவிட்ட மாணவர், இப்போது ஒரு பலகோணத்தை வரைந்து, பிரித்து, விடைக்கு வந்துவிடுகிறார். அந்த நேரம் அங்கே திரும்பக் கிடைத்துவிடுகிறது.

அந்த மாணவி அன்று தாளைத் தூக்கிக்கொண்டு நின்றதால் எனக்குத் தெரிந்தது. நிற்காமல் போனவர்கள் எத்தனை பேரோ! இப்போது திருத்தும்போது, புரியாத விடை வந்தால் குறி போடாமல் வைத்துவிட்டு, மறுநாள் "இது எப்படி வந்தது?" என்று கேட்கிறேன். பல நேரம் அது வெறும் கூட்டல் பிழையாகத்தான் இருக்கும். சில நேரம் அப்படி இருப்பதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, நீங்கள் தவறு என்று குறித்த விடைத்தாள் ஒன்றைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.