அடுத்த அறையிலுள்ள அச்சுப்பொறி



ஓர் அறையிலிருந்து எழுதியதை மற்றோர் அறையில் அச்சிடுதல் இன்று பெரிய வித்தையன்று. ஆயினும் எங்கள் பாடசாலையில் அது கைகூடுவதற்கு ஒரு தவணைக் காலம் சென்றது. யான் கலைப் பட்டதாரி. கணினி விற்பன்னன் அல்லேன். பட்டறிந்ததையே கூறுகின்றேன்.

எங்கள் காரியாலயத்தில் எழுதுவினைஞரின் மேசைமீது விண்டோஸ் கணினியொன்றும், அதனோடு இணைந்த அச்சுப்பொறியொன்றும் உள. கணினி அறையிலோ பழைய கணினிகள். விண்டோஸின் புதிய பதிப்பைச் சுமக்க வலிமையற்றவை. ஆதலால் விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை அவற்றில் இட்டோம். ஆசிரியர்கள் அங்கே வினாத்தாளைத் தயாரித்துப் பென் டிரைவில் காரியாலயத்துக்குக் கொண்டுசென்றனர். வினாத்தாளோடு வைரசும் சென்றது. எழுதுவினைஞர் முறையிட்டார். அதன் பின்னரே இரண்டு அறைகளையும் வலையமைப்பால் இணைக்கத் துணிந்தோம்.

பொது அச்சுப்பொறிக்கும் லினக்ஸுக்கும் பழைய உறவொன்றுண்டு. 1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடமொன்றில் பலருக்கும் பொதுவாயிருந்த லேசர் அச்சுப்பொறியிலே தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. சிக்கியதை உரியவர்க்கு அறிவிக்குமாறு அதன் மென்பொருளைத் திருத்த முனைந்தார் ரிச்சர்ட் ஸ்டோல்மன். மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த மனக்குறையும் சேர்ந்தே, 1983இல் அவர் குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவிக்கத் தூண்டிற்று. 1991இல் பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் குனூவின் கருவிகளும் சேர்ந்தனவே இன்று நாம் லினக்ஸ் என வழங்குவது.

இனி இணைக்கும் முறை. முதலில் விண்டோஸ் கணினியில் அச்சுப்பொறியைப் பகிர்வதற்கு அனுமதித்து, இடைவெளியற்ற சிறு பெயரொன்றை இடுதல் வேண்டும். அச்சிடுவோர்க்கெனக் கடவுச்சொல்லுடன் தனிக் கணக்கொன்றும் வேண்டும். லினக்ஸ் பக்கத்திலே அச்சுப் பணியை ஆள்வது கப்ஸ் என்னும் மென்பொருள், 1999இல் வெளிவந்தது. விண்டோஸின் மொழியில் அதனோடு உரையாட உதவுவது சாம்பா. ஆஸ்திரேலியரான அன்ட்ரூ டிரிட்ஜல் 1992இல் வெளியிட்டது. இவையிரண்டும் நிறுவப்பட்டபின், உலாவியின் முகவரிப் பெட்டியில் லோக்கல்ஹோஸ்ட் என்றும், முக்காற்புள்ளியிட்டு 631 என்றும் எழுதினால் கப்ஸின் பக்கம் திறக்கும். அங்கே அச்சுப்பொறியைச் சேர்க்கும்போது எஸ்.எம்.பி. என்னும் வழியைத் தெரிந்து, விண்டோஸ் கணினியின் முகவரியையும் பகிர்வுப் பெயரையும் சாய்கோட்டால் பிரித்து எழுதுக. பின்னர் அச்சுப்பொறியின் மாதிரியைப் பட்டியலில் தெரிந்தால் வேலை முடிந்தது.

முடிந்தது என்றுதான் நாமும் எண்ணினோம். திங்கட்கிழமை அச்சுப்பொறியைக் காணவில்லை! ரவுட்டர் காரியாலயக் கணினிக்குப் புதிய முகவரி வழங்கிவிட்டது. அம்முகவரி மாறாதிருக்குமாறு ரவுட்டரில் பதிந்ததும் அத்தொல்லை நீங்கிற்று. மற்றொரு நாள் தமிழ் வினாத்தாள் ஆங்கில எழுத்துக் குவியலாக வெளிவந்தது. அது பாமினி எழுத்துருவிலே தட்டெழுதப்பட்டது; லினக்ஸ் கணினியில் அவ்வெழுத்துரு இல்லை. அச்சுப்பொறியைக் குறைகூறிப் பயனென்ன? அன்றுமுதல் யாவரும் யூனிகோட்டில் எழுதுகின்றோம். மூத்த ஆசிரியர் இருவர் இன்னும் முணுமுணுக்கின்றனர்.

ஆனால் என்னை உறங்கவிடாதது வேறொன்று. ஒருநாள் மாலை கணித ஆசிரியர் எட்டாந் தரத்து வினாத்தாளை அச்சுக்கு அனுப்பினார். அச்சுப்பொறி அணைக்கப்பட்டிருந்தது. பழுதெனக் கருதி அவர் வீடு சென்றுவிட்டார். அனுப்பிய பணியோ அழியவில்லை. காரியாலயக் கணினியின் வரிசையிலே காத்திருந்தது. மறுநாட் காலை எழுதுவினைஞர் அச்சுப்பொறியை இயக்கிவிட்டு அப்பாற் சென்றார். மூன்று பக்கங்களும் தாமாகவே வெளிவந்தன. இடாப்பை எடுக்க வந்த மாணவனொருவன் அவற்றைக் கண்டு என்னிடம் கொணர்ந்து, "சேர், இது எங்கட வகுப்புப் பேப்பர். நான் முதற்பக்கம் பார்த்திட்டன்" என்றான்.

அவனைப் பாராட்டினேன், வினாத்தாளைப் புதிதாகத் தயாரிக்கச் செய்தேன். பகிர்ந்த அச்சுப்பொறி எல்லோர்க்கும் பொதுவானது. அதன் தட்டில் விழும் தாளும் அவ்வாறே என்பதை யான் முன்னரே சிந்தித்திருக்க வேண்டும். இப்பொழுது அச்சுக் கணக்கின் கடவுச்சொல் ஆசிரியர்க்கு மட்டுமே தெரியும். வினாத்தாள் அனுப்புமுன் ஒருவர் அச்சுப்பொறியருகே நிற்பார். மாலையிற் பூட்டுமுன் எழுதுவினைஞர் தமது கணினியில் வரிசையைத் திறந்து, எஞ்சியதை நீக்கிவிடுவார். இரகசிய எண்ணை அழுத்தினாலன்றி அச்சிடாத பொறிகளும் கடைகளில் உள. எங்கள் பாடசாலைக்கு அத்தகையதொன்று கிடைக்கும்வரை இந்த ஏற்பாடே நடைபெறும்.