பாவா ஆதம் மலை எரிமலையா?

கூம்பாக ஒரு மலையைக் கண்டால் எரிமலை என்று சொல்லிவிடுகிறோம். ஜப்பானின் பியூஜி அப்படித்தான். களத்தில் கொட்டிய நெல் குவிவதுபோல, வாயிலிருந்து கக்கிய சாம்பலும் எரிமலைக் குழம்பும் அடுக்கடுக்காகச் சேர்ந்து 3,776 மீற்றர் உயர்ந்தது.

இலங்கையிலுள்ள நம் பாவா ஆதம் மலை, 2,243 மீற்றர், இதற்கு நேர்மாறு. அது குவிந்து வளர்ந்ததல்ல, தேய்ந்து மிஞ்சியது. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நிலத்தின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை அது. மேலே கிடந்ததையெல்லாம் மழையும் ஆறுகளும் அரித்துக்கொண்டுபோக, வெடிப்பு விழுந்த பகுதிகள் சரிய, உறுதியான நடுப்பகுதி மட்டும் கூராக நிற்கிறது. அரிப்பு இன்னும் ஓயவில்லை.

 

இன்னொன்று. விடியலில் உச்சியில் நிற்பவர்கள் மேற்கே விழும் முக்கோண நிழலைப் பார்த்து வியப்பார்கள். மலை கூம்பாக இருப்பதுதான் காரணம் என்று நினைப்போம். அதுவல்ல. நீண்ட நிழல் தொலைவில் ஒடுங்குவதுபோல் கண்ணுக்குத் தோன்றுகிறது. தட்டையான மலையின் உச்சியிலிருந்து பார்த்தாலும் முக்கோணமே தெரியும்.