கரண்டியும் ரம்பமும் எல்லோருக்கும்



பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கை சும்மா இருக்காது. எதையாவது பிரிக்கும், ஒட்டும், அறுக்கும், கிளறும். அந்தத் துறுதுறுப்பையே பாடமாக்கிய நாடு ஜப்பான். அங்கே 12 வயதிலிருந்து 15 வயது வரை மூன்றாண்டு நடுநிலைப் பள்ளி. அதில் 'தொழில்நுட்பமும் மனையியலும்' என்ற பாடம் எல்லோருக்கும் கட்டாயம். முதல் இரண்டு ஆண்டும் ஆண்டுக்கு 70 பாடவேளை, மூன்றாம் ஆண்டில் 35. தச்சு வேலை, செடி வளர்ப்பு, மின்சாரம், கணினி நிரல் எல்லாம் ஒரு பாதி. சமையல், தையல், வீட்டுப் பராமரிப்பு, பொருள் பார்த்து வாங்குவது எல்லாம் மறுபாதி.

தச்சு வகுப்பில் ஒரு மாணவி புத்தக அலமாரி செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவுடன் பலகையில் கை வைக்க முடியாது. எந்தப் புத்தகம், எவ்வளவு உயரம், மேசையில் எவ்வளவு இடம் என்று அளந்து முதலில் படம் வரைய வேண்டும். பிறகுதான் ரம்பம். அந்த ரம்பத்துக்கு இரண்டு ஓரத்திலும் பல் உண்டு. மர இழையின் போக்கிலேயே அறுக்க ஒரு ஓரம், இழைக்குக் குறுக்கே அறுக்க இன்னொரு ஓரம். நம் ஊர் ரம்பம் பெரும்பாலும் தள்ளும்போது அறுக்கும்; ஜப்பான் ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். இழுக்கும்போது தகடு விறைப்பாக நிற்பதால், மெல்லிய தகடும் வளையாமல் நேராக ஓடுகிறது. கருவி ஏன் அப்படி இருக்கிறது என்பதை அவள் கை வழியே தெரிந்துகொள்கிறாள்.

சமையல் வகுப்பும் அப்படித்தான். கொத்துக்கறியில் உப்புப் போட்டுப் பிசைந்தால் கறி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அதை வடை போலத் தட்டி நடுவில் லேசாக அமுக்கிவிட வேண்டும். வேகும்போது சுருங்கி நடுப்பகுதி உப்பும் என்பதால் இந்த ஏற்பாடு. முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தும்போது அது உள்ளேயும் கலந்துவிடுகிறது. எனவே நடுவில் குத்திப் பார்த்து, வடியும் சாறு தெளிவாக இருந்தால்தான் அடுப்பை அணைக்கலாம். வேதியியலும் உயிரியலும் அங்கே ஒரே வாணலியில் வேகின்றன.

இந்தப் பாடம் 1958-இல் பாடத்திட்டத்தில் சேர்ந்தபோது பையன்களுக்கு ரம்பம், பெண்பிள்ளைகளுக்குக் கரண்டி என்றுதான் பிரித்து வைத்திருந்தார்கள். அதை மாற்றப் பலர் பாடுபட்டார்கள். பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய இச்சிகாவா ஃபுசாயே போன்றவர்கள் 1974-இல் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஜப்பான் 1985-இல் ஏற்றது. அதன்பின் பழைய பிரிவினையைக் காப்பாற்ற வழியில்லை. 1993 முதல் நடுநிலைப் பள்ளியில் இருபாலருக்கும் ஒரே பாடம். மறு ஆண்டு உயர்நிலைப் பள்ளியின் மனையியலுக்கும் அதே முறை வந்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஆண்டுக்கு 105 பாடவேளை இருந்த பாடம் இது. படிப்படியாகச் சுருங்கி இன்றைய அளவுக்கு வந்திருக்கிறது. நேரம் குறையும்போது முதலில் அடிபடுவது கைவேலைதான். இருந்தாலும், 15 வயதில் கடுமையான நுழைவுத் தேர்வை எதிர்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடத்தை ஜப்பான் விட்டுவிடவில்லை.

எல்லோரையும் தச்சராக்கவோ சமையல்காரராக்கவோ இதை வைக்கவில்லை. அளவு தப்பினால் அலமாரி ஆடும். தீ தப்பினால் கறி கருகும். பிழை எங்கே என்பது மதிப்பெண் வருவதற்கு முன்பே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். திருத்துவதும் அவன் கையிலேயே இருக்கிறது. இந்தப் பயிற்சியைக் கேள்வித்தாளால் கொடுக்க முடியாது. தனக்கு வேண்டியதைத் தானே சமைக்கத் தெரிந்த பையனும், கழன்ற கதவைத் தானே மாட்டத் தெரிந்த பெண்ணும் நாளை யாரையும் ஏவிக்கொண்டு வாழ வேண்டியதில்லை.

நம் பள்ளிகளில் கைவேலைக்கு ஒதுக்கிய வேளையைத் தேர்வு நெருங்கியதும் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். என் பிள்ளை இந்த ஆண்டு தன் கையால் என்ன செய்தது என்றும் கேளுங்கள். பெற்றோர் கேட்கும் பாடத்தைப் பள்ளியும் கைவிடாது.