புதிய கணினியில் பழைய ஒலி



பழைய கணினியில் வருடக்கணக்காகப் பாடிக்கொண்டிருந்த ஒலிக்கோப்பு அது. புதிதாக வாங்கிய கணினியில் எடிட்டிங் மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டதும் முரண்டு பிடிக்கிறது. திறக்கவே முடியாது என்கிறது. வீடியோ என்றால் படம் மட்டும் ஓடுகிறது, சத்தம் இல்லை. விவரம் தெரிந்தவர் என்று ஒருவரைக் கேட்டால், "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு சார்" என்று சொல்லி முடித்துவிடுகிறார். பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு. கோப்பு அப்படியேதான் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஒரு சிறு நிரல் பழைய கணினியில் இருந்தது, புதியதில் இல்லை. சிக்கல் அநேகமாக இவ்வளவுதான்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து எம்பி3, எம்4ஏ, வேவ் என்று எழுதியிருக்கிறதே, அதை வைத்து உள்ளே இருப்பதை முடிவு செய்யக் கூடாது. நம் வீட்டு அடுக்களையில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தால் கடுகு இருக்கும் அல்லவா, அந்தக் கதைதான். எம்4ஏ என்ற புட்டிக்குள் வழக்கமாக ஏஏசி முறையில் சுருக்கிய ஒலி இருக்கும். சில சமயம் ஆப்பிளின் இழப்பில்லாச் சுருக்கமான ஏலாக் இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்திக்குள் இருப்பது ஓபஸ். 2012-இல்தான் இணையத் தர நிர்ணயமாக வெளிவந்தது என்பதால், அதற்கு முந்தைய மென்பொருள்களுக்கு அதை அடையாளமே தெரியாது. பட்டன் கைபேசிக் காலத்தில் பதிவு செய்த பேச்சு என்றால் ஏஎம்ஆர். இப்படிச் சுருக்கவும் விரிக்கவும் தெரிந்த நிரலுக்குத்தான் கோடெக் என்று பெயர். எந்தப் புட்டி என்பதைவிட, உள்ளே எந்தக் கோடெக் என்பதுதான் நமக்கு முக்கியம்.

சரி, புதிய கணினி என்றால் எல்லாம் கூடுதலாகத்தானே இருக்க வேண்டும், எப்படிக் குறைந்தது? இதில் தொழில்நுட்பத்தைவிடப் பணக்கணக்கு அதிகம். பல கோடெக்குகளுக்குக் காப்புரிமை உண்டு. அவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் நிறுவனம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். எம்பி3-க்கே அப்படித்தான் இருந்தது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் எம்பி3 கோப்பாகச் சேமிக்க, லேம் என்ற இன்னொரு நிரலைத் தனியாகத் தேடிப்பிடித்து நிறுவ வேண்டியிருந்தது பலருக்கு நினைவிருக்கும். 2017 ஏப்ரலில் எம்பி3-இன் உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு வந்த ஆடாசிட்டியில் லேம் கூடவே வருகிறது.

இதற்கு நேரெதிரான கதை ஒன்றும் உண்டு. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள். 2006-இல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில் பதிவு செய்யும் ஹேண்டிகேம்கள் நம் மண்டபங்களில் நிறைய ஓடின. எம்டிஎஸ் என்று முடியும் கோப்புகள். அவற்றில் பெரும்பாலானவற்றின் ஒலி, டால்பியின் ஏசி-3 முறையில் இருக்கும். அடோபி பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருள் ஒரு காலத்தில் இதைப் படிக்கும் நிரலைத் தன்னுடனேயே வைத்திருந்தது. பிறகு அதை நீக்கிவிட்டு, விண்டோஸிலோ மேக்கிலோ இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளத் தொடங்கியது. விண்டோஸ் 10-இல் அது இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலோ, புதிதாக நிறுவும்போது ஏசி-3 நிரல் சேர்ந்து வருவதில்லை. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய கணினிகளில் அது தங்கிவிடுகிறது. ஆகவே ஒரே ஸ்டுடியோவில், ஒரே மென்பொருள் உள்ள இரண்டு கணினிகளில், பழையதில் நாதஸ்வரம் கேட்கும், புதியதில் வாசிப்பவரின் கன்னம் மட்டும் உப்பும். கணினியை விற்றவரைத் திட்டிப் பயனில்லை.

ஆப்பிள் கணினிகளில் காரணம் வேறு. 2019 அக்டோபரில் வந்த, மேக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்போடு 32-பிட் மென்பொருள்கள் அனைத்தும் ஓடாமல் போயின. பழைய குவிக்டைம் 7-உம் அதை நம்பியிருந்தவையும் அதோடு போயின. லினக்ஸில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை வைத்து வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: அதன் லினக்ஸ் பதிப்பு ஏஏசி ஒலியைப் படிப்பதில்லை. கைபேசி வீடியோக்களின் ஒலி ஏறக்குறைய அனைத்தும் ஏஏசிதான் என்பதால், டைம்லைனில் படம் மௌனமாகவே நிற்கும்.

இப்போது வைத்தியத்துக்கு வருவோம். முதலில் கோப்பைக் கணினியின் டிஸ்கில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியைக் கேபிளில் மாட்டி அங்கிருந்தே நேராக டைம்லைனுக்கு இழுப்பது, ஒன்டிரைவ் மேகத்தில் இருக்கும் கோப்பு இறங்குவதற்கு முன்பே திறப்பது, இந்த இரண்டாலும் வரும் பிழைகளைக் கோடெக் சிக்கல் என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்து விஎல்சி பிளேயரில் போட்டுக் கேளுங்கள். விஎல்சி யாரையும் நம்பியிருப்பதில்லை, தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னோடே வைத்திருக்கிறது. அதில் ஒலி கேட்டால் கோப்பு நலம், குறை எடிட்டிங் மென்பொருள் பக்கம் என்று தெரிந்துவிடும். பாடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் விசையோடு ஜே-ஐ அழுத்தினால், உள்ளே என்ன கோடெக், நொடிக்கு எத்தனை மாதிரி (சாம்பிள்) என்ற விவரம் வரும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இன்னும் விரிவாகச் சொல்லும்.

கோடெக் தெரிந்தபின், ஒலியை வேவ் கோப்பாக மாற்றிக்கொள்வதுதான் நேர்வழி. சுருக்காத வேவ் ஒலியைப் படிக்காத எடிட்டிங் மென்பொருளை நான் பார்த்ததில்லை. விஎல்சியிலேயே கன்வர்ட் வசதி இருக்கிறது. நிறையக் கோப்புகள் என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் நல்லது. கட்டளை வரியில் தட்டச்சு செய்யப் பழக வேண்டும், அவ்வளவுதான். எம்பி3-ஆக மட்டும் மாற்றாதீர்கள். ஒருமுறை சுருக்கியதை இன்னொரு முறையில் சுருக்கினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஒலி உதிரும். மூலக் கோப்பையும் அழித்துவிடாதீர்கள்.

பெயரின் கடைசி எழுத்துகளை எம்பி3 என்று மாற்றி எழுதிப் பார்ப்பது வீண்வேலை. முன்பின் தெரியாத இடத்திலிருந்து கோடெக் பேக் இறக்கி நிறுவுவது வினையை விலைக்கு வாங்குவது. இணையத்தில் ஏற்றினால் மாற்றித் தரும் தளங்களும் இருக்கின்றன. சினிமாப் பாட்டுக்குப் பரவாயில்லை, அம்மாவின் குரலையோ அலுவலக உரையாடலையோ நான் அங்கே ஏற்ற மாட்டேன்.

ஆடாசிட்டி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்4ஏ, ஏஎம்ஆர் போன்றவற்றைத் திறக்க அதற்கு எஃப்எஃப்எம்பெக் நூலகம் (லைப்ரரி) தேவை. புதிய ஆடாசிட்டி 64-பிட் என்றால் நூலகமும் 64-பிட்டாக இருக்க வேண்டும். பழைய கணினியில் இருந்த 32-பிட் நூலகத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஒட்டினால் அது ஏறிட்டும் பார்க்காது.

கோப்பு திறந்துவிட்டது, ஆனால் குரல் மட்டும் கீச்சென்று இருக்கிறதா? அது சாம்பிள் ரேட் எனப்படும் மாதிரி வேகத்தால் வரும் குழப்பம். இசைத்தகட்டின் வழக்கம் நொடிக்கு 44,100 மாதிரிகள், வீடியோவின் வழக்கம் 48,000. முன்னதைப் பின்னதாக எண்ணி மென்பொருள் ஓட்டினால், ஒரு மணி நேரக் கச்சேரி 55 நிமிடத்தில் முடியும். சுருதியும் ஏறத்தாழ முக்கால் கட்டை ஏறிவிடும். புராஜெக்டுக்கு என்ன வேகமோ, முதலிலேயே எல்லாக் கோப்புகளையும் அதற்கு மாற்றிக்கொண்டால் இந்த வம்பில்லை.

வேவாக மாற்றினால் ஒலி தெளிவாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஏஎம்ஆர் பதிவில் நொடிக்கு 8,000 மாதிரிகள்தான். பத்து நிமிடப் பேச்சு ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கியிருக்கும். 48,000-க்கு மாற்றினால் ஒற்றைத் தடத்திலேயே சுமார் 58 மெகாபைட் ஆகும். கோப்புதான் பெருக்கும், குரல் தொலைபேசிக் குரலாகவே இருக்கும்.

கடைசியாக, வழக்கமான மாற்றிகளுக்கு மசியாத ஒரு ரகம். பழைய சோனி கையடக்க ரெக்கார்டர்களில் சில, டிவிஎஃப், எம்எஸ்வி என்று தங்களுக்கே உரிய முறையில் பதிவு செய்தன. அந்த நிறுவனத்தின் பழைய மென்பொருள் இல்லாமல் அவற்றைப் புதிய கணினியில் திறப்பது பெரும்பாடு. ரெக்கார்டர் இன்னும் உயிரோடு இருந்தால் நேரத்தை வீணாக்காதீர்கள். அதன் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயர் எடுத்து, லைன்-இன் வசதியுள்ள சிறிய யுஎஸ்பி சவுண்ட் கார்டு வழியாகக் கணினிக்குக் கொடுங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். புதிய பேட்டரி போட்டு, ரெக்கார்டரின் வால்யூமைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து, ஆடாசிட்டியின் அளவுமானி சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொண்டு ஓடவிடுங்கள்.